மூழ்கிப்போன நகையும் டர்க்காய்ஸ் கல்லும்: ஒரு நகை எப்போ சொத்து, எப்போ செலவு?



அடகு வெச்ச நகையை மீட்க முடியாமப் போனா, "நகை மூழ்கிடுச்சு"ன்னு நாம சொல்வோம். அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள்லயும் இதுக்கு ஒரு சொல் இருக்கு. "டெட் பான்". அதாவது, செத்துப்போன அடகு. அங்கே மூழ்கினது பெரும்பாலும் தங்கம் இல்லை. வெள்ளியில் டர்க்காய்ஸ் கல் பதித்த வளையல், மாலை, பெல்ட்.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு, வேதனையும் இருக்கு. இன்னைக்கு அந்த ஊர்க் கடைகள்ல "டெட் பான்" என்பது ஒரு விளம்பர வார்த்தை. ஒரு குடும்பம் மீட்க முடியாம விட்ட நகை, இன்னொருத்தருக்கு "அசல் பழைய நகை" என்ற கூடுதல் விலையோட போகுது.

டர்க்காய்ஸ் பத்தின வீடியோவுல நேரம் இல்லாததால சுருக்கமா முடிச்சேன். கதையும் கணக்கும் முழுசா இங்கே. "வெள்ளி, அதுல அரிய கல், இதுவும் ஒரு இன்வெஸ்ட்மென்ட்தானே?" என்று நினைச்சு கார்டைத் தேய்க்கப் போறவங்களுக்காகவே இந்தப் பதிவு.

முதலில், இந்தக் கல் என்ன?

டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் பாஸ்பேட்டோடும் தண்ணீரோடும் சேர்ந்து உருவாகும் ஒரு கனிமம். நீல நிறத்தைத் தருவது செம்பு. இரும்பு கலந்தால் பச்சைப் பக்கம் சாயும். வறண்ட நிலங்களில், செம்புத் தாது இருக்கும் பாறைகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்து கசிந்து உருவாகிறது. அதனால்தான் ஈரானின் நிஷாபூர், எகிப்தின் சினாய், அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா என்று வறண்ட ஊர்களின் பெயரே இந்தக் கல்லோடு வருகிறது.

பெயர் மட்டும் துருக்கியிலிருந்து வந்தது. ஈரானில் வெட்டிய கல் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால், பிரெஞ்சுக்காரர்கள் "துருக்கிக் கல்" என்று கூப்பிட்டார்கள். பாரசீகத்தில் இதன் பெயர் ஃபிரூஸே. வட இந்தியக் கடைகளில் "ஃபிரோசா" என்று கேட்டால் எடுத்துத் தருவது இந்தக் கல்தான்.

இன்னொண்ணு, "டிசம்பர்ல பிறந்தவங்களுக்கு டர்க்காய்ஸ்" என்று ஒரு பட்டியல் சுத்துது இல்லையா? மாதத்துக்கு ஒரு கல் என்ற நம்பிக்கை பழசுதான். ஆனா இன்னைக்குப் புழக்கத்துல இருக்கிற பட்டியலுக்கு அடிப்படை, 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் முடிவு பண்ணின பட்டியல். விக்கிறவங்க போட்ட பட்டியல். அதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

நவஹோ மக்களுக்கு இது ஏன் வெறும் கல் இல்லை?

எகிப்தியர்கள் ஹாத்தோர் தெய்வத்தையே "டர்க்காய்ஸின் நாயகி" என்று அழைத்தார்கள். லடாக்கில் பேராக் என்ற தலையணி முழுக்க டர்க்காய்ஸ் தைத்து, தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும். இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் பணத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லித் தருவது நவஹோ மக்களின் கதைதான்.

நவஹோ மக்கள் தங்களை 'தினே' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய நிலத்துக்கு நான்கு திசையில் நான்கு புனித மலைகள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பொருள்: கிழக்குக்கு வெண்சங்கு, தெற்குக்கு டர்க்காய்ஸ், மேற்குக்கு அபலோனி என்ற கடல்சிப்பி, வடக்குக்கு ஜெட் என்ற கருங்கல். டர்க்காய்ஸ் அணிவது காப்பு. பெண் பருவமடையும்போது நடக்கும் கினால்டா சடங்கில், அந்தப் பெண் வெள்ளியும் டர்க்காய்ஸும் அணிந்துதான் நிற்பாள். நம்ம வீட்டுச் சடங்குகளில் நகைக்கு இருக்கும் இடத்தை நினைச்சுப் பாருங்க, புரியும்.

ஆனால் வெள்ளி வேலை அவர்களுக்கு அவ்வளவு பழசு இல்லை. 1864-ல் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களைச் சொந்த நிலத்திலிருந்து துரத்தி, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து, நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோவில் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். மெக்சிகோக்காரர்களிடம் உலோக வேலை கற்றுக்கொண்ட அட்சிடி சானி போன்றவர்கள் வழியாக, அந்தக் காலத்தில்தான் வெள்ளி வேலை பரவியது. அதன் பிறகு வெள்ளியில் டர்க்காய்ஸ் பதிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் நாணயங்கள். கைக்கு வந்த அமெரிக்க, மெக்சிகோ வெள்ளிக் காசுகளை உருக்கியும் அடித்தும் வளையலாகவும் பொத்தானாகவும் ஆக்கினார்கள். கொஞ்சம் நின்னு யோசிங்க: பேங்க் இல்லாத ஊரில், பணத்தைக் கையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

பேங்க் இல்லாத ஊரின் பேங்க்

திரும்பி வந்த மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் "டிரேடிங் போஸ்ட்" என்ற கடைகள் முளைத்தன. மளிகைக் கடை, கொள்முதல் நிலையம், அடகுக் கடை, மூணும் ஒண்ணா ஒரே கட்டடத்தில். அரிசோனாவின் கனாடோவில் ஜான் லொரென்சோ ஹப்பெல் 1878-ல் தொடங்கிய கடை இன்றும் தேசியச் சின்னமாக இயங்குகிறது.

நவஹோ குடும்பத்தின் வருமானம் ஆடு. வசந்தத்தில் கம்பளி வெட்டி விற்பார்கள். இலையுதிர் காலத்தில் குட்டிகளை விற்பார்கள். வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு சம்பள நாள்! நடுவில் மாவு, காபி, துணி வாங்க என்ன செய்வது? கையில் இருக்கும் நகையைக் கடைக்காரரிடம் வைப்பார்கள். அவர் ஒரு சீட்டு கட்டி உள்ளே மாட்டி வைப்பார். கம்பளிப் பணம் வந்ததும் மீட்பார்கள். மறுபடி வைப்பார்கள். ஒரே மாலை வருஷா வருஷம் உள்ளே போய் வெளியே வரும்.

இந்த ஏற்பாட்டில் மூன்று நல்ல விஷயங்கள் இருந்தன.

ஒன்று, பாதுகாப்பு. வீட்டில் இருப்பதைவிடக் கடைக்காரரின் அறையில் நகை பத்திரம். நம்ம பேங்க் லாக்கர் மாதிரி.

இரண்டு, நெகிழ்வு. சடங்கு வந்தால், அடகில் இருக்கும் நகையையே போட்டுக்கொள்ளக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட கடைக்காரர்கள் உண்டு. நம்ம ஊர்ல எந்த கோல்டு லோன் கம்பெனி, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் நகையைக் கொடுத்து அனுப்பும்?

மூன்று, விலை தெரிந்த ஆள். கல் எந்தச் சுரங்கத்தது, வேலை யாருடையது, குடும்பம் திரும்ப வருமா என்பது எல்லாமே கடைக்காரருக்குத் தெரியும். அதனால் அந்தக் கல்லுக்குக் கடன் கிடைத்தது.

இந்த மூணாவதுதான் இந்தப் பதிவோட முதுகெலும்பு. அங்கே டர்க்காய்ஸ் சொத்தாக இருந்ததுக்குக் காரணம் அதன் அழகோ அருமையோ மட்டும் இல்லை. அதை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க ஒருத்தர் அடுத்த மலைக்குப் பின்னால் தயாராக இருந்தார். அவ்வளவுதான்.

அந்த பேங்கின் கெட்ட முகம்

எல்லாக் கடைக்காரரும் நல்லவரில்லை. பக்கத்தில் வேறு கடை கிடையாது, அதனால் பேரம் கிடையாது. சில கடைகள் ரொக்கத்துக்குப் பதில் தங்கள் கடையில் மட்டுமே செல்லும் டோக்கன்களைக் கொடுத்தன. நகையின் மதிப்பில் சின்னப் பகுதிதான் கடனாகக் கிடைக்கும். தவணை தாண்டினால் நகை "டெட்". அதை வெளியூர்க்காரருக்கு விற்கலாம்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1972-ல் இந்தக் கடைகளைப் பற்றி விசாரணை நடத்தி, 1973-ல் அறிக்கை வெளியிட்டது. விதிகள் இறுக்கமானதும், ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடகு வியாபாரம் பெருமளவு நின்று, காலப் போன்ற எல்லை ஊர்களுக்கு நகர்ந்தது.

அதே சமயத்தில்தான் விலையும் ஏறியது. 1970-களில் டர்க்காய்ஸ் நகை அமெரிக்கா முழுக்க ஃபேஷன் ஆனது. அரிசோனா ஹைவேஸ் என்ற பத்திரிகை 1974 ஜனவரி இதழையே இந்த நகைகளுக்காக ஒதுக்கியது. கேட்கிறவர்கள் கூடியதும் என்ன நடக்கும்? போலிகள் வந்தன. பிளாஸ்டிக் "கல்", சாயம் போட்ட வேறு கல், வெளிநாட்டில் அச்சில் வார்த்த "நவஹோ" நகை. அந்தப் பத்தாண்டு முடியும்போது அலை வடிந்துவிட்டது. உச்ச விலையில் "இது இன்னும் ஏறும்" என்று வாங்கியவர்கள் கையில் நகை மட்டும் மிஞ்சியது.

1990-ல் அமெரிக்கா ஒரு சட்டமே கொண்டுவந்தது. பூர்வகுடிகள் செய்யாத பொருளை அவர்கள் செய்தது என்று விற்றால், தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அப்படியும் நின்றதா? 2015-ல் அதிகாரிகள் நடத்திய சோதனைகளில், பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை நவஹோ, சூனி நகை என்று விற்ற வலைப்பின்னல் சிக்கியது.

இதில் நஷ்டம் வாங்கியவருக்கு மட்டும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து கல்லை இழைக்கும் கைவினைஞர், அச்சில் வார்த்த நகையின் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

நாலு கேள்வி டெஸ்ட்

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். எந்தப் பொருளையும் "இது சொத்து" என்று யாராவது சொன்னால், இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

1. இதைக் கொடுத்தா எனக்குப் பணம் தர ஆள் இருக்கா?
2. அந்த விலை தினமும் எங்கேயாவது வெளியாகுதா, இல்ல வாங்குறவர் சொல்றதுதான் விலையா?
3. எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?
4. வாங்கின விலையில் எவ்வளவு திரும்ப வரும்?

தங்கம் நாலிலும் ஓரளவு பாஸ். 1920-ல் நவஹோ குடும்பத்தின் கையில் இருந்த டர்க்காய்ஸ் முதல் கேள்வியிலும் மூன்றாவதிலும் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். இன்று நீங்கள் ஆன்லைனில் வாங்கும் டர்க்காய்ஸ் பென்டன்ட்? நாலிலும் ஃபெயில்.

ஏன்னு கேட்டா, ஆர்பிஐ விதியிலேயே பதில் இருக்கு. 2025 ஜூனில் வந்த தங்கம், வெள்ளி அடகுக் கடன் விதிகள்படி, நகையில் இருக்கும் தங்கம் அல்லது வெள்ளியின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பதித்திருக்கும் கற்களின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது. கல்லுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்திருந்தாலும், கவுண்டரில் அது பூஜ்யம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது ஒரு உதாரணம்தான். வெள்ளி விலை கிராம் 150 ரூபாய்னு வெச்சுக்குவோம். நீங்க படிக்கிற அன்னைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க.

- பென்டன்டின் மொத்த எடை: 12 கிராம்
- அதில் கல்: 4 கிராம், வெள்ளி: 8 கிராம்
- 925 வெள்ளி என்றால் சுத்த வெள்ளி: 8 × 0.925 = 7.4 கிராம்
- வெள்ளியின் மதிப்பு: 7.4 × 150 = 1,110 ரூபாய்
- கடை விலை 9,000 + 3% ஜிஎஸ்டி 270 = 9,270 ரூபாய்

நீங்க கொடுத்த 9,270-ல் உலோகமாக நிற்பது 1,110. அதாவது சுமார் 12%. மிச்சம் 8,160 ரூபாய் கல், வேலைப்பாடு, கடை லாபம், வரி. அது திரும்ப வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போ வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்லவே இல்லை! அந்த 8,160-ஐ செலவு என்று எழுதுங்க, அவ்வளவுதான். அடுத்த மூணு வருஷத்துல நூறு தடவை போடுவீங்களா? ஒரு தடவைக்கு 82 ரூபாய். நல்ல செலவு. ரெண்டு தடவை போட்டு பெட்டிக்குள்ள வைப்பீங்களா? ஒரு தடவைக்கு 4,080 ரூபாய். இப்போ முடிவு பண்ணுங்க.

தங்கத்தில் டர்க்காய்ஸ் பதித்த மோதிரம் என்றால் இன்னும் கவனம் வேணும். மொத்தம் 6 கிராம், கல் 1.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத் தங்கம் கிராம் 10,000 ரூபாய். கல்லையும் சேர்த்துத் தங்க விலை போட்டு பில் வந்தால், கல்லுக்கே 15,000 ரூபாய் கொடுக்கிறீங்க. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூணும் தனித்தனியா இருக்கணும். செய்கூலியும் நிகர எடைக்குத்தானா என்று பாருங்க.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா

1. கல் எந்த வகை என்று எழுதி வாங்குங்க. "நேச்சுரல்" என்றால் வெட்டி மெருகேற்றியது மட்டும். "ஸ்டெபிலைஸ்டு" என்றால் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தியது. சந்தையில் பெரும்பாலும் இதுபோல் பதப்படுத்திய கல்தான், அது குற்றம் இல்லை, ஆனா விலை குறைவா இருக்கணும். "ரீகன்ஸ்டிடியூட்டட்" அல்லது "பிளாக்" என்றால் தூளும் பிளாஸ்டிக்கும் அழுத்தியது, சில சமயம் தூள்கூட இருக்காது.

2. வெள்ளைக் கல்லுக்குச் சாயம் போட்டிருக்கலாம். ஹௌலைட், மேக்னசைட் என்ற மலிவான கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றினால் பார்க்க அச்சு அசல் டர்க்காய்ஸ்தான். கறுப்பு நரம்பு ஓடுவதை வைத்து "ஒரிஜினல்" என்று நம்பாதீங்க, அவற்றிலும் நரம்பு இருக்கும். பெரிய தொகை என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேளுங்க.

3. சுரங்கத்தின் பெயருக்குத் தனி விலை உண்டு. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் 2012-ல் டர்க்காய்ஸ் எடுப்பது நின்றதும், அந்தத் தெளிந்த வான்நீலக் கல் விலை ஏறியது. அதனாலேயே அந்தப் பெயரை யாரும் எதுக்கும் ஒட்டிடலாம். ஆதாரம் இல்லாத பெயருக்குப் பணம் கொடுக்காதீங்க.

4. உலோகத்தைத் தனியா பாருங்க. வெள்ளி என்றால் 925, தங்கம் என்றால் பிஐஎஸ் ஹால்மார்க்கும் எச்யூஐடி எண்ணும். கல் எவ்வளவு அழகா இருந்தாலும், திரும்ப வரப்போகும் பணம் உலோகத்தில்தான் இருக்கு.

5. பராமரிப்பும் செலவுதான். இந்தக் கல்லின் கடினத்தன்மை மோஸ் அளவில் 5 முதல் 6. நுண்துளை உள்ள கல். சென்ட், எண்ணெய், வியர்வை, சோப்பு உள்ளே போனால் நீலம் மங்கிப் பச்சையாகும். மேக்கப், சென்ட் எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா போடுங்க. கழட்டினதும் மெல்லிய துணியால் துடைங்க. அல்ட்ராசோனிக் மெஷினில் போட விடாதீங்க.

6. இஎம்ஐ வேண்டாம். மாசம் 3,000 ரூபாய் தனியா எடுத்து வெச்சா நாலே மாசத்துல இந்தப் பென்டன்ட். எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காதீங்க. திரும்ப விற்க முடியாத பொருளுக்கு வட்டி கட்டுவது இரட்டை நஷ்டம்.

மூழ்காம இருக்க ஒரு பாடம்

கடைசியா, டெட் பான் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம். மூழ்கின நகைகள் பெரும்பாலும் பெரிய கடனுக்காக மூழ்கவில்லை. மாவுக்கும் காபிக்கும் வாங்கின கடன், ஒரு வருஷம் கம்பளி விலை விழுந்ததும் மீட்க முடியாமப் போச்சு. பாட்டி சடங்கில் போட்ட மாலை, மளிகைப் பாக்கிக்குப் போச்சு.

நம்மில் பலரும் மாசக் கடைசியில் செய்வது இதேதானே? அம்மா கொடுத்த செயினை கோல்டு லோனில் வைத்து, கிரெடிட் கார்டு பில் கட்டுவது. வைக்க வேண்டி வந்தால் இதைச் செய்யுங்க:

- உணர்வோடு கட்டுப்பட்ட நகையைக் கடைசியா வைங்க. காயின், சாதாரண வளையல் முதலில் போகட்டும்.
- மீட்கும் தேதியையும், மொத்தமா கட்ட வேண்டிய தொகையையும் போனில் ரிமைண்டரா போடுங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியும் ஒண்ணு.
- வட்டியை மாசா மாசம் கட்டுங்க. கடைசியில் மொத்தமா கட்டலாம்னு விட்டாதான் மூழ்கும்.
- உங்களுக்கு இருக்கும் உரிமையைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஏலத்துக்கு முன் நோட்டீஸ் கொடுக்கணும். ஏலத்தில் கடனுக்கு மேல் வந்த பணம் உங்களுக்குத் திரும்பணும். அந்த நவஹோ குடும்பங்களுக்கு இப்படிக் கேட்க ஒரு இடமே இல்லை. உங்களுக்கு இருக்கு.

டர்க்காய்ஸ் அழகான கல். பிடிச்சா வாங்குங்க, போடுங்க, ஒரு நாள் உங்க பொண்ணுக்குக் கொடுங்க. அந்த மதிப்பை எந்த பேங்க்காலயும் எடை போட முடியாது. எக்செல் ஷீட்டில் மட்டும் அதை "முதலீடு" காலத்தில் எழுதாதீங்க, "செலவு" காலத்தில் எழுதுங்க.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க்: உங்ககிட்ட இருக்கிற கல் வெச்ச நகை ஒண்ணோட பில்லை எடுங்க. நிகர எடை தனியா போட்டிருக்கா, நீங்க கொடுத்ததில் எத்தனை சதவீதம் உலோகம் என்று கணக்கு போட்டு கமென்ட்ல சொல்லுங்க.